காணா நட்பும் கலங்கும் நெஞ்சும்

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் செல்லும் தொலைவைவிட அது குறைவு. 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், இக்கரையில் இரயிலை விட்டிறங்கிக் கப்பலேறியவர் அக்கரையில் மீண்டும் இரயிலேறிக் கொழும்புக்குச் செல்ல முடிந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் மூண்ட போரோடு நின்றுபோயிற்று. பிறகு இவ்விரு கரைகளையும் இணைத்தவை மீனவர்களின் வலைகளும், அகதிகளின் படகுகளும், அஞ்சற்காரர் கொண்டுவரும் கடிதங்களுமே. அக்கடிதங்களும் நேர்வழியில் வருவதில்லை. எதிரே தெரியும் கரைக்குத் தலைநகரங்களைச் சுற்றியே அவை சென்று சேர வேண்டும்.

அவ்வாறு சுற்றி வந்த கடிதங்களால் மட்டுமே நமக்கு ஒரு நண்பர் வாய்த்திருந்தார். 2024 அக்டோபர் மாதம் அவர் இறைவனடி சேர்ந்தார். இருபத்தோராண்டுக் கால நட்பில் ஒருமுறையேனும் அவர் முகத்தை நாம் கண்டதில்லை. அவர் குரலைக் கேட்டதில்லை. அத்தகைய ஒருவருக்காகத் துக்கங் காப்பது எவ்வாறு? அதற்கு நமக்கு உரிமை உண்டா? இக்கேள்விகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்று கருதுவதால், இவற்றை இத்திங்களிதழின் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

நண்பர் மன்னார்த் தீவின் ஒரு சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவ்வூரின் நாட்டுக்கூத்து அண்ணாவியாரும் அவரே. 2003-ஆம் ஆண்டு, போர் நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். தவக்காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் பாடி வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கத்தைப் பற்றி ஓர் இதழில் நாம் எழுதியிருந்த சிறு கட்டுரை, திருப்பயணிகளின் கையோடு கடல் கடந்து அவரிடம் சென்றிருக்கின்றது. "சங்கைக்குரிய சுவாமி அவர்களுக்கு" என்று தொடங்கி, எட்டுப் பக்கங்களுக்கு அவர் எழுதிய மடல் நமக்கு வந்தது. அந்நூலை இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவில் பிறந்து இலங்கைக்கு வந்து, தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1742-இல் அந்நாட்டு மண்ணிலேயே மறைந்தவர். நூல் பிறந்த கரையில் அது எந்த இராகத்தில் பாடப்படுகின்றது, எவ்விடத்தில் குரல் தாழ்கின்றது, எவ்விடத்தில் பெண்கள் அழத் தொடங்குவர் என்றெல்லாம் அவர் விரிவாக எழுதியிருந்தார். உங்கள் கரையில் எவ்வாறு என்று கேட்டு மடலை முடித்திருந்தார். நாம் விடை எழுதினோம். அவ்வளவே தொடக்கம்.

அதன் பின் வந்தவை 142 கடிதங்கள். எண்ணி வைத்திருந்தோம் என்பதில்லை. அவர் மறைந்த பின்னரே எண்ணினோம். பிரசங்கத்தில் தொடங்கிய பேச்சு வாசாப்புகளுக்குச் சென்றது; அதிலிருந்து காற்றுகளுக்குச் சென்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், அது உங்கள் பக்கமிருந்து வருகின்றது என்று எழுதுவார். இராமேசுவரத்தில் 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கைத் தெளிந்த இரவுகளில் தலைமன்னார்க் கரையில் நின்று காண்பதாகவும், அதைக் கண்டதும் நமக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வதாகவும் ஒருமுறை குறிப்பிட்டிருந்தார். தொலைபேசியில் பேசலாமே என்று நாம் எழுதியபோது, தமக்குச் செவி கேளாது என்று விடை வந்தது. 1999 நவம்பர் 20 அன்று மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து பலர் மாண்டனர். அவ்விரவில் அங்கே இருந்தவர் அவர். அந்த ஓசைதான் தாம் தெளிவாகக் கேட்ட கடைசி ஓசை என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் வாசாப்பின் தருக்களைப் பற்றித் தொடர்ந்திருந்தார்.

நேரில் சந்திக்க முயலாமல் இல்லை. கச்சத்தீவில் புனித அந்தோணியார் திருவிழா ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில் நடைபெறுகின்றது. இரு நாட்டு இறைமக்களும் கடவுச்சீட்டு இன்றி ஒரே மணலில் அமர்ந்து ஒரே திருப்பலியில் பங்குபெறும் இடம் அது. 2018-இல் நாம் சென்றோம். அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். 2019-இல் அவர் வந்தார். புறப்பட வேண்டிய நாளில் நம் பங்கில் ஒரு சாவு நிகழ்ந்தது. 2021-இல் பெருந்தொற்றினால் இங்கிருந்து யாரும் செல்ல இயலவில்லை. 2024-இல் மீனவர்கள் சிறைப்பட்டதைக் கண்டித்து இராமேசுவரம் படகுகள் செல்லவில்லை. அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று இருவரும் எழுதிக்கொண்டோம். அடுத்த ஆண்டு அவருக்கு இல்லை.

மறைவுச் செய்தியை அவருடைய மகள் எழுதியிருந்தார். கடிதம் நம் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. இடைப்பட்ட நாட்களில் அவருக்கு நாம் ஒரு மடல் எழுதி அஞ்சலில் சேர்த்திருந்தோம். நம் ஊர்ச் சந்தியாகப்பர் சப்பரத்திற்குப் புதிய சக்கரங்கள் செய்த செய்தியை மிக விரிவாக எழுதி, ஓர் இராகத்தைப் பற்றி ஐயமும் கேட்டிருந்தோம். அம்மடல் போய்ச் சேர்ந்தபோது அதைப் படிக்க வேண்டியவர் கல்லறையில் இருந்தார்.

செய்தியைப் படித்த மாலையில் நம் முகவாட்டத்தைக் கண்ட உபதேசியார், "யாரு சாமி, சொந்தமா?" என்றார். நண்பர் என்றோம். "ஒண்ணாப் படிச்சவங்களா?" என்றார். இல்லை, கடிதத்தில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை என்றோம். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு, "பார்த்ததே இல்லையா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு விளக்கேற்றச் சென்றுவிட்டார். அவர் மனம் நல்ல மனம். கேள்வியில் ஏளனம் சிறிதும் இல்லை. ஆயினும் அக்கேள்வி நெஞ்சில் தங்கிவிட்டது.

நம் சமூகத்தில் சாவு வீட்டுக்கு ஒரு முறைமை உண்டு. யார் கோடி போட வேண்டும், யார் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டும், பெண்களுள் யார் தலைமாட்டில் அமர வேண்டும், யார் முதலில் மண் போட வேண்டும் என்பதெல்லாம் உறவைக் கொண்டு வகுக்கப்பட்டுள்ளன. பிறந்த வீட்டுக்காரருக்கு ஓர் இடம், சம்பந்தி வீட்டாருக்கு ஓர் இடம், ஞானப் பெற்றோருக்கு ஓர் இடம். துஷ்டி கேட்க வரும் அடுத்த ஊர்க்காரருக்குங்கூடப் பந்தலில் ஒரு நாற்காலி உண்டு. இம்முறைமையைக் குறைகூற நாம் முற்படவில்லை. துயரத்தால் செயலற்று நிற்போர்க்கு, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லித் தருகின்றது. ஆனால் எழுத்தால் மட்டுமே பழகியவனுக்கு அம்முறைமையில் இடம் இல்லை. அவன் அழுதால், எதற்கு என்று பிறர் கேட்பர். அழாதிருந்தால் தன் நெஞ்சமே கேட்கும்.

அதனினும் பெரிய இடர் ஒன்றைப் பின்னரே உணர்ந்தோம். சாவு வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பேசுகின்றார்கள். அவர் சினந்தது, சிரித்தது, கடன் கொடுத்தது, கடைசியாகக் கேட்ட சோறு என்று ஒருவர் சொல்ல மற்றொருவர் தொடர்வார். அவ்வாறு பலர் பேசிப் பேசியே துயரம் சுமக்கத்தக்க அளவுக்கு வருகின்றது. நம்மைச் சுற்றியிருந்த எவரும் நம் நண்பரை அறியார். அவரைப் பற்றி நாம் அறிந்ததைச் சொன்னால் 'ஆம்' என்று தலையசைக்க இக்கரையில் ஓர் ஆள் இல்லை. காணா நட்பில் இறப்பு நேரும்போது, எஞ்சியிருப்பவனைத் தனியனாக்குவது இதுவே.

இத்தகைய துயரம் தமிழருக்குப் புதிதன்று. உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. பிசிர் இராமநாதபுரச் சீமையைச் சார்ந்த ஊர் என்று கூறுவாரும் உளர். வடக்கு நோக்கிப் பறக்கும் அன்னத்தை அழைத்து, உறையூரில் இறங்கி, அரசனிடம் தம் பெயரைச் சொல்லுமாறு ஆந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. அக்காலத்து அஞ்சல் அது. பின்னாளில் தன் மக்களோடு நேர்ந்த பகையால் மனம் நொந்த சோழன், உண்ணா நோன்பிருந்து உயிர்விட எண்ணி வடக்கிருந்தான். அப்போது தன் அருகே ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்குமாறு பணித்தான். சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். பல்லாண்டுகள் கேள்வியால் அறிந்ததன்றி ஒருநாளும் கண்டிராதவர் வருவாரோ என்றனர். நம் உபதேசியாரின் கேள்விதான் அது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது. தம் பெயரைச் சொல்லும்போது 'சோழன்' என்று என் பெயரையே சொல்பவர் அவர். வருவார் என்று அரசன் விடையளித்தான். அவ்வாறே ஆந்தையார் வந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தார். நண்பனோடு உயிர் நீத்தார்.

உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் அம்முறையை நம் விசுவாசம் ஏற்பதில்லை. ஆயினும் நம் சிந்தைக்கு உரியது வேறொன்று. அரசன் தன் இறுதி நாளில் செல்வத்தைப் பற்றியோ அரியணையைப் பற்றியோ பேசாமல், 'இடம்' ஒன்றைப் பற்றிப் பேசினான். காணாத நண்பனுக்கும் தன் சாவின் அருகில் அமர உரிமை உண்டு என்று அறிவித்தான். இதன் தொடர்ச்சி இன்னும் நெகிழ்ச்சியானது. பொத்தியார் என்னும் புலவரும் அரசனோடு வடக்கிருக்க வந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்த பின் வருக என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். மகன் பிறந்த பின் அவர் வந்தபோது அரசன் நடுகல்லாகி இருந்தான். கல்லான பின்னும் தமக்கு இடங்கொடுத்தான் என்று பொத்தியார் அவனைப் பாடினார். காலந்தாழ்ந்து வருவோர்க்கும் நட்பில் இடம் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய நட்புகள் பல. ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தினாரும், பெத்லகேமில் வாழ்ந்த புனித எரோணிமுசும் மடல்களால் வாதிட்டு, மனம் வருந்தி, பின் ஒன்றுபட்டவர்கள். நேரில் கண்டவர்கள் அல்லர். நம் முத்துக்குளித்துறைக்கு நற்செய்தி கொணர்ந்த புனித சவேரியார் 1540-இல் உரோமையில் இஞ்ஞாசியாரிடம் விடைபெற்றார். அதன் பின் அவ்விருவரும் இவ்வுலகில் சந்திக்கவேயில்லை. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டியெடுத்து, தம் துறவற வாக்குறுதித் தாளோடு சேர்த்து, எப்போதும் தம்முடன் வைத்திருப்பதாகச் சவேரியார் 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து எழுதினார். பன்னிரண்டாண்டுக் காலம் அவருக்கு நண்பர்கள் என்றால் தாளும் மையுந்தான். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சான்சியன் தீவில் அவர் இறந்தார். உரோமையில் இருந்த இஞ்ஞாசியார் 1553 ஜூன் 28 அன்று அவருக்கு ஒரு மடல் எழுதினார்; ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு பணித்தார். ஏறக்குறைய ஏழு மாதங்களுக்கு முன்னரே மறைந்தவருக்கு எழுதப்பட்ட மடல் அது.

இம்மடலைப் பற்றிக் குருமட நாட்களில் படித்திருக்கின்றோம். அப்போது அது ஒரு வரலாற்றுச் செய்தி. சப்பரத்தின் சக்கரங்களைப் பற்றி நாம் எழுதிய கடிதம் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்த நாளை எண்ணிப் பார்க்கும்போது, அச்செய்திக்கு வேறொரு பொருள் புலப்படுகின்றது. இறந்தவருக்கு எழுதிய கடிதம் வீணான கடிதமா? இஞ்ஞாசியார் எழுதிய நாளில் அவருக்குச் சவேரியார் உயிரோடுதான் இருந்தார். அன்பு அறிவைவிடச் சில மாதங்கள் நீண்டு வாழ்ந்தது. உடல் சாய்ந்த நாளோடு நட்பு முடிவதில்லை என்பதற்கு அக்கடிதமே சான்று. நாமும் அந்தப் பத்தொன்பது நாட்கள் அவருக்காக வழக்கம்போலச் செபித்தோம். அவருடைய மூட்டுவலி நீங்க வேண்டும் என்று கேட்டோம். இறைவன் அச்செபத்தைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்.

நம் துயரத்திற்கு வழிகாட்டியோர் நூல்களில் மட்டும் இல்லை. இக்கடற்கரையின் பெண்கள் அவ்வழியை நெடுங்காலமாக அறிந்தவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற இரயில் அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள்ளும், அவ்விரவில் கடலோரக் குடிசைகளில் மாண்டவர்களுள்ளும் எத்தனையோ பேருடைய உடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் வலைக்குச் சென்று திரும்பாதவர்கள் உண்டு. ஏழாண்டுகள் செய்தி இன்றேல் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பொது விதி. அவ்வேழாண்டுகளும் அவ்வீட்டுப் பெண் மனைவியா, கைம்பெண்ணா என்பதை யாரும் சொல்வதில்லை.

நம் பங்கில் அவ்வாறு மகனை இழந்த ஒரு மூதாட்டி இருக்கின்றார். உடல் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தத்தம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, அவர் தோட்டத்தின் நடுவே உள்ள பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார். சென்ற 2024 நவம்பரில் கல்லறைகளை மந்திரித்து முடித்த பின் நாமும் அச்சிலுவையடிக்குச் சென்று ஒரு திரி ஏற்றினோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு சாமி?" என்றார். அக்கரையில் ஒரு நண்பர், கடிதத்தில் பழக்கம் என்றோம். பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. "பேரு சொல்லுங்க, நானும் சொல்லிக்கிறேன்" என்றார். பெயரைச் சொன்னோம். தம் மகனுடைய பெயரோடு அப்பெயரையும் சேர்த்துச் சொல்லிச் செபித்தார். தம் திரியைச் சற்று நகர்த்தி வைத்து நம் திரிக்கு இடம்விட்டார்.

கோப்பெருஞ்சோழன் செய்ததைத்தான் அவரும் செய்தார் என்று அன்று இரவு தோன்றிற்று. ஒதுக்கித் தந்த இடம் ஒரு சாண் அளவுதான். ஆனால் அதன் பின் நம் நண்பரின் பெயரை அறிந்தவர் இக்கரையில் இருவர் ஆயினர்.

இனி, நம் விசுவாசம் இதைப் பற்றி என்ன கூறுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். நம்பிக்கை அறிக்கையில், புனிதர்களுடைய சமூக உறவை நம்புவதாக ஞாயிறுதோறும் சொல்கின்றோம். பழைய மந்திரப் புத்தகங்களில் அது 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்' என்று இருந்தது. நம் பாட்டிமார் அதன் பொருளை விளக்க அறியாவிடினும், அதன்படி வாழ்ந்தனர். ஒருவர் செபத்தின் பயன் இன்னொருவருக்குச் செல்லும் என்றும், இடையில் சாவு நின்றாலும் அது செல்லும் என்றும் உறுதியாய் இருந்தனர். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கமும், கிறிஸ்துவில் துயில்வோரோடு இவ்வுலகில் பயணம் செய்வோர் கொண்டுள்ள ஒன்றிப்பு சாவினால் அறுந்துபோவதில்லை என்று போதிக்கின்றது. அது வெளிவந்து ஒரு மாதம் கழித்துத்தான் தனுஷ்கோடியைப் புயல் தாக்கிற்று. அப்போதனை இக்கரைக்கு எவ்வளவு விரைவில் தேவைப்பட்டது!

இன்னும் ஒன்று. காணாமலே அன்பு செய்தல் கிறிஸ்தவனுக்கு அயலானது அன்று. அவன் வாழ்வின் அடிப்படையே அது. பேதுருவின் முதல் திருமுகம் எழுதப்பட்டது, ஆண்டவரைக் கண்டிராமல் அன்பு செய்த மக்களுக்கே. காணாமலே நம்புவோரைத்தான் உயிர்த்த ஆண்டவர் தோமாவின் முன்னிலையில் பேறுபெற்றோர் என்றார். தம் முகத்தை நேரில் கண்டிராத கொலோசை மக்களுக்காகத் தாம் போராடுவதைப் பவுலடிகளார் அவர்களுக்குத் தெரிவித்தார். முகமறியாத அன்பு மெய்யன்பு அன்று எனில், இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் ஆண்டவரிடம் கொண்டுள்ள அன்பு என்னாவது? எழுத்தினால் மட்டுமே அறிந்த ஒருவருக்காக அழக்கூடாது எனில், பெரிய வெள்ளியன்று நம் பெண்கள் அழுவது எதற்காக?

அழுவதைக் குறித்தும் ஒரு சொல். நம்பிக்கை அற்றவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்று பவுலடிகளார் தெசலோனிக்கருக்கு எழுதியதைச் சிலர், துயருறவே வேண்டாம் என்பதாகக் கொள்கின்றனர். அவ்வாறு அவர் எழுதவில்லை. ஆண்டவர் பெத்தானியாவுக்குச் சென்றபோது இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அடக்கம் முடிந்துவிட்டது, துஷ்டிக்கு வந்தோர் கூடியிருந்தனர். காலந்தாழ்ந்து வந்த நண்பராகவே ஆண்டவர் அங்கே நின்றார். சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டார். உயிர்ப்பின் நம்பிக்கை கண்ணீரைத் தடுப்பதில்லை என்பதை இதனினும் தெளிவாய்க் கூற இயலாது.

இறைமக்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. நம் ஊர்களில் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் பலர். அவர்கள் அங்கே யாரோடு பழகினார்கள் என்பதை இங்குள்ள பெற்றோர் அறியார். கடல் கடந்து பெண் கொடுத்து, பேரப்பிள்ளைகளைப் படத்தில் மட்டும் கண்ட பாட்டிமார் உளர். மண்டபம் முகாமில், அக்கரையில் இறந்த உடன்பிறந்தவருக்காக அடக்கத்திற்குச் செல்ல இயலாமல் அழுதோர் உளர். வானொலியில் நாள்தோறும் கேட்ட குரல் ஒருநாள் நின்றபோது, வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் வாடியோர் உளர். இவர்களுள் ஒருவர் துயரோடு உங்கள்முன் நின்றால், பார்த்தீர்களா, என்ன உறவு என்று கேளாதீர்கள். இறந்தவருடைய பெயரைக் கேளுங்கள். அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உடல் இல்லாத இடத்திலும் இறந்தோர்க்கான திருப்பலியை நிறைவேற்றத் திருச்சபை இடந்தருகின்றது. பங்குக் குருவை அணுகுங்கள். திருப்பலிக் கருத்துப் பதிவேட்டில் இறந்தவரின் பெயரைத்தான் எழுதுகின்றோம். முகத்தை எவ்வளவு அறிந்தீர்கள் என்று எழுத அதில் இடமில்லை.

நண்பரின் முப்பத்தொன்றாம் நாளில் அவருடைய ஊரில் நினைவுத் திருப்பலி நடந்தது. அதே காலையில், அதே நேரத்தில் நாமும் இங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். மகளுக்கு அதனை எழுதியிருந்தோம். விடைக் கடிதத்தோடு ஒரு நிழற்படம் வந்தது. நாம் நெட்டையான, ஒல்லியான ஒருவரை மனத்தில் வைத்திருந்தோம். படத்தில் இருந்தவர் குள்ளமான, பருத்த உடலினர், மீசை வைத்திருந்தார். இருபத்தோராண்டுகளில் அவர் தம் மீசையைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. சிறிது நேரம் அந்நியர் ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கையில் இருந்த ஏட்டைக் கண்டோம். அதன் ஓரத்தில் இருந்த எழுத்து நாம் நன்கு அறிந்த எழுத்து. அந்த எழுத்தைக் கொண்டே அம்முகத்தை அடையாளம் கண்டோம்.

நாம் கடைசியாக அனுப்பிய மடலை என்ன செய்வது என்றும் மகள் கேட்டிருந்தார். பிரிக்காமலே மற்ற கடிதங்களோடு கட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். பிரித்துப் படியுங்கள் மகளே, இராகத்தைப் பற்றிக் கேட்டிருக்கின்றோம், அங்கே அறிந்தவர் இருப்பின் கேட்டு எழுதுங்கள் என்று விடை அனுப்பினோம். 2025 தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் விடை வந்தது. அப்பாவிடம் கூத்துப் பழகிய ஓர் இளைஞரைக் கேட்டதாகவும், அவ்விடத்தில் குரல் தாழாது, நின்று எழும் என்றும் அவர் எழுதியிருந்தார். பெரிய வெள்ளியன்று நம் ஊரில் பிரசங்கம் பாடிய பிள்ளைகளுக்கு அவ்வாறே சொல்லிக்கொடுத்தோம். அவ்விடம் வந்தபோது குரல் தாழவில்லை; நின்று எழுந்தது. எங்கிருந்து கற்றீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். மன்னாரில் ஒரு நண்பர் இருக்கின்றார் என்றோம்.